அம்மன் படத்துக்குப் பின்பக்கம்

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டதால் இல்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் எழுத மாட்டேன். எந்தத் தோட்டம் என்றும் கேட்காதீர்கள். மலாக்காவில் அலோர் காஜாவைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் டவுனில் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, தீபாவளி வாழ்த்து, கோயில் திருவிழா, காரியம் எதுவானாலும் இன்றைக்குப் பேனர் இல்லாமல் நடப்பதில்லை. மிஷின் அவர் பொறுப்பு, வாய் என் பொறுப்பு. ஓரம் மடித்து ஒட்டி, கயிறு கோக்க வளையம் அடிக்கிற வேலைக்குத்தான் அக்கா வந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். புருஷன் இல்லை. மகள் கல்யாணமாகி செங் பக்கம் ஃபேக்டரி வேலையில் இருந்தாள். அக்கா மட்டும் தோட்டத்து லயத்தில், பாதி வீடுகள் காலியாகிப்போன வரிசையில் தனியாக இருந்தார்.

கடையில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். வைத்தது நான்தான். இப்போது கேட்டாலும் அந்தப் பெயர்தான் பொருத்தம் என்பேன்.

அப்படி ஒரு பயம். லிஃப்டில் ஏற மாட்டார். ஒருமுறை மலாக்கா ஆஸ்பத்திரிக்கு என் மாமியாரைப் பார்க்க வந்தவர், நாங்கள் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் மூச்சு வாங்க மாடிப்படியில் எதிரே வந்தார். தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் அடித்தால் அதைக் குப்புறக் கவிழ்த்து, மேலே துணியைப் போட்டு மூடுவார். "யாருன்னு தெரியலமா, நீங்க பேசுங்க" என்று துணியோடு என்னிடம் நீட்டுவார். எடுத்துப் பார்த்தால் சமையல் கேஸ் தோம்பு வேண்டுமா என்று கேட்கிற பையனாக இருப்பான்.

நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், சீருடை போட்டவர்களுக்குப் பயம், கார்ட் தேய்க்கிற மிஷினுக்கும் பயம். கடைக்குப் புது ஆள் யாராவது நுழைந்தால் பேனர் சுருள்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஒரு மத்தியானம் ஒருத்தர் வந்து வெகுநேரம் நின்று, ஒன்றும் சொல்லாமல், சுவரில் இருந்த மாதிரிப் பேனர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். அக்கா வெளியே வந்தார்.

"அவரு சரியில்லமா. வலது கட்டவெரல்ல புதுசா வெட்டுக்காயம். சட்டைல ஒரு பட்டன் மட்டும் வேற கலரு. காடிய எஞ்சின் நிறுத்தாம விட்டுட்டு வந்தாரு. ரெண்டு தடவ பின்கதவ பாத்தாரு."

"அக்கா, வந்தவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சிய பாக்கலமா. பயமா இருந்துச்சு."

அந்த மனுஷன் மறுநாள் பெண்டாட்டியோடு வந்து மகளின் முதல் பிறந்தநாளுக்குப் பேனர் சொன்னார். என்ன படம் போடுவது என்று முடிவு பண்ணத் தெரியாமல் முழித்திருக்கிறார், அவ்வளவுதான். நான் அக்காவை வைத்து ஒரு வாரம் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தக் கட்டைவிரல் காயம் உண்மைதான். பட்டன் வேறு கலர்தான். நானும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

அக்கா வரைவார் என்பது ஒரு மழைநாளில் தெரிந்தது. கூரை ஒழுகி மிஷின் மேல் சொட்டியது. மூடுவதற்கு எதையாவது போடலாம் என்று பின்பக்கம் அடுக்கியிருந்த பழைய பேனர்களில் ஒன்றை உருவி விரித்தேன். திருவிழா முடிந்ததும் கோயில்காரர்கள் பேனரைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். சாமி படம் இருக்கிறதே, குப்பையில் போட முடியுமா, எரிக்கத்தான் முடியுமா? அப்படிச் சேர்ந்த சுருள்கள் அவை. முன்பக்கம் முருகன். வெள்ளையாக இருக்க வேண்டிய பின்பக்கம் முழுவதும் கறுப்பு மார்க்கரில் ஒரு படம்.

ஃபேக்டரி பஸ். உள்ளே வேலை முடிந்து தூங்கிக்கொண்டே போகிற பெண்கள். ஒருத்திக்கு வாய் திறந்திருக்கிறது, ஒருத்தி செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாள், ஒருத்தியின் விரல்கள் தூக்கத்திலும் எதையோ கோத்துக்கொண்டிருக்கின்றன. டிரைவரும் கண்ணை மூடியிருந்தார். மிஷின் நனைவதையும் மறந்து இன்னொரு சுருளைப் பிரித்தேன். ஏதோ ஓர் அலுவலக வராந்தாவில் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாத தாய்மார்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை. பையின் மெல்லிசான பக்கத்தின் வழியே உள்ளே இருக்கிற பால் புட்டி, பிஸ்கட், தாத்தாவின் பழைய ஐசி அடையாள அட்டை எல்லாம் தெரிகிறது.

"யாரு சொல்லிக் குடுத்தாக்கா?"

"யாரும் இல்லமா. பயம் வந்தா கை பேனாவத் தேடும். சின்னப் பிள்ளைல அப்பா குடிச்சிட்டு வந்தா கட்டிலுக்கு அடியில போயிருவேன். அங்க படுத்துக்கிட்டு கட்டிலோட அடிப்பலகையதான் மொதல்ல வரைஞ்சேன். ஆணி, சிலந்தி, எல்லாம்."

"வரைஞ்சா பயம் போயிருமா?"

"எங்க போவுது? வெளிய போயி உக்காந்துக்கும். நான் கொஞ்சம் தூங்கிக்குவேன்."

மகள் ஏறிப் போகிற பஸ் அது என்று பிறகுதான் சொன்னார். சாமி பேனராகப் பார்த்து எடுப்பதற்கும் காரணம் இருந்தது. சாமி இருக்கிற பேனரை யாரும் கிழிக்க மாட்டார்கள், பிரித்தும் பார்க்க மாட்டார்கள். பயந்தவர்களுக்கு மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது. லயத்து வீட்டில் அவ்வளவு பெரிய பேனரை விரிக்க இடம் கிடையாது. ஒரு முழம் பிரிப்பார், வரைவார், சுருட்டுவார், அடுத்த முழம் பிரிப்பார். முடிந்ததும் கடைக்குக் கொண்டுவந்து அடுக்கின் அடியில் செருகிவிடுவார். தான் வரைந்த எதையும் அவர் முழுசாகப் பார்த்ததே இல்லை.

இனி ஒரு கண்டிராக்டர் விஷயத்துக்கு வர வேண்டும்.

தோட்டத்துக் கோயிலுக்குப் புதுக் கூரை போட்டவர் அவர். எங்கள் ஆள்தான், தமிழர்தான். பையன்களுக்கு லோரி வேலை கொடுப்பார், சாவு வீட்டுக்குக் கூடாரம் அனுப்புவார். திருவிழா பேனரில் மாரியம்மனுக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி நிற்பது அவருடைய படம். அதே மனுஷனின் லோரி, மழை பெய்கிற நாளாகப் பார்த்து, செம்பனைக் காட்டுக்குப் பின்னால் இருந்த பழைய பள்ளத்துக்கு வந்து டிரம் டிரம்மாக எதையோ இறக்கிவிட்டுப் போனது. எந்த ஃபேக்டரிக் கழிவோ, தெரியாது. வாடை மூக்கைச் சுட்டது. ஓடையில் வாத்துகள் செத்தன. அந்தத் தண்ணீரில் கால் வைத்த பிள்ளைகளுக்குக் கொப்புளம் வந்தது. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கேட்கப் போன ஒரு பையனுக்குக் கால் முறிந்தது. மோட்டாரிலிருந்து விழுந்தேன் என்று அவனே எல்லோரிடமும் சொன்னான். அவனிடம் மோட்டாரே இல்லை.

அக்கா கடைக்கு வந்தால் இரண்டு கைகளையும் கழுவிக்கொண்டே இருந்தார். விரல் இடுக்கில் மார்க்கர் கறை. எனக்குப் புரிந்துவிட்டது.

"வரையிறீங்களா?"

"பயமா இருக்கும்மா."

"அக்கா, இது பஸ்ஸு இல்ல. அவனுக்குத் தெரிஞ்சா உங்கள விட்டு வைக்க மாட்டான். எரிச்சிருங்க."

"எப்பிடிமா எரிக்கிறது? முன்பக்கம் அம்மா மொகம் இருக்கே."

அம்மன் முகத்தில் நெருப்பு வை என்று எந்த வாயால் சொல்வது? அந்தச் சுருளை அடுக்கில் எங்கே வைத்தார் என்று கேட்காமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது.

அந்த வருஷத் திருவிழா நாளில் அன்னதான நேரம் பார்த்து வானம் இருண்டது. கூடாரம் போதவில்லை. கோயில் தலைவர் என் வீட்டுக்காரரிடம், "தம்பி, பழைய பேனர் ஏதாச்சும் வேன்ல கிடக்கா?" என்றார். இவர்தான் தாராளப் பிரபுவாயிற்றே. காலையில் கயிறுகளோடு சேர்த்து வேனில் போட்டு வந்திருந்த பெரிய சுருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். போன வருஷத் திருவிழா பேனர், மாரியம்மனும் கண்டிராக்டரும். பையன்கள் நாலு மூலையிலும் கயிறு போட்டு ஏற்றினார்கள். படம் கீழே பார்த்தபடி இருந்தது.

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், அறிவிருக்கா? எச்சி எலைக்கு மேல அம்மா மொகமா? திருப்பிக் கட்டுங்கடா!"

"பின்னால ஏதோ கிறுக்கிருக்கு தலைவரே."

"கிறுக்கலோ கோலமோ, கட்டுடா மொதல்ல. சோறு நனையுது லா!"

திருப்பிக் கட்டினார்கள். அம்மன் வானத்தைப் பார்த்தாள். மழை கொட்டியது. கண்டிராக்டரும் அவருடைய ஆட்களும் முதல் வரிசையில் தலைவரோடு உட்கார்ந்தார்கள். இலையில் சாதம் விழுந்தது. நான் கூட்டு வைத்துக்கொண்டு போனபோது, அப்பளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மேலே பார்த்து நின்றுவிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி நிமிர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பந்தி முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவில் லோரி. நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்து விடாமல் இருந்தது. டிரம்களில் மண்டை ஓட்டுக் குறி, ஒன்றின் மூடி பிதுங்கி வழிகிறது. ஓடையில் வாத்துகள் மல்லாந்து கிடக்கின்றன. ஓரத்தில் ஓர் ஆள், முகம் குடைக்குள் மறைந்திருக்கிறது. சேறு படாமல் பேண்டைத் தூக்கிப் பிடித்த கை மட்டும் தெரிகிறது. சுண்டுவிரலில் பெரிய மோதிரம், கட்டைவிரல் நகம் பாதி கறுத்தது. அதே மோதிரமும் அதே நகமும் எனக்கு முன்னால் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தன.

பின்னால் லயம். ஒவ்வொரு ஜன்னலிலும் திரை விலகி, ஒவ்வொரு முகம். "அந்தப் பூப்போட்ட திரை நம்ம வீட்டுது" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோரும் தங்கள் ஜன்னலைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நான் அந்த லயத்தில் இல்லாததற்காக மாரியம்மனுக்கு நன்றி சொன்னேன்.

கண்டிராக்டர் கடைசியாக நிமிர்ந்தார். பார்த்தார். சிரித்தார்.

"நல்லா இருக்கே. யாரு வரைஞ்சா?"

நிமிர்ந்திருந்த தலைகள் எல்லாம் இலைக்குத் திரும்பின.

"சும்மா சொல்லுங்க லா. இவ்ளோ தெறமையா இருக்காங்க, ஏதாச்சும் செய்யணும்ல?"

அவருடைய ஆள் ஒருவன் எழுந்து கயிற்றை நோக்கிப் போனான். கையில் சின்னக் கத்தி. துணியோடு கிழித்துவிடுவது என்று கையை ஓங்கினான். தலைவர் அதுவரை இலையைவிட்டுப் பார்வையை எடுக்காமல் இருந்தவர், அடிவயிற்றிலிருந்து கத்தினார். "டேய்! மேல அம்மா இருக்கா!" அந்த ஆள் கையை இறக்கினான். அவனும் தீமிதித்தவன்தான். கண்டிராக்டருக்கு எழவும் வழியில்லை, சாமி அன்னதானத்தில் பாதி இலையில் எழுந்தால் ஊர் என்ன சொல்லும்? அந்தப் படத்துக்கு அடியிலேயே அவர் சாப்பிட வேண்டியதாயிற்று.

அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து அக்கா ரச வாளியோடு வந்தார்.

அவர் நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். தான் வரைந்ததை முதல்முறையாக முழுசாகப் பார்க்கிறார். ரசம் தளும்பிக் காலில் கொட்டியது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை. கால்கள் பழக்கத்தில் நடந்து முதல் இலைக்கு வந்துவிட்டன.

கண்டிராக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா அந்த லயம்தானே? நீங்க சொல்லுங்க. யாரு இது?"

"ரசம்... ரசம் ஊத்தட்டுங்களா?"

கரண்டி பிடித்த கையை இலைக்கு மேலே நீட்டினார். விரல் இடுக்கில் கறுப்புக் கறை. கண்டிராக்டரின் கண் படத்திலிருந்து இறங்கி அந்தக் கைக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு வீரம் கிடையாது, வாய்தான் உண்டு. பாய்ந்து போய்க் கரண்டியைப் பிடுங்கினேன். "என்னக்கா நீங்க, ரசத்த எல்லாம் கீழ ஊத்திக்கிட்டு! போங்க, போயி பாயாசம் எடுத்தாங்க. நான் ஊத்துறேன்." அக்கா போனார். நான் கண்டிராக்டர் இலையில் ரசம் விட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பேனர் கடைதானே?" என்றார்.

"ஆமா," என்றேன். வேறு என்ன சொல்வது?

லயத்துக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை வரைந்த கை யாருடையது என்று அங்கே பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். சுவர் ஒன்றுதானே, மார்க்கர் வாடை பக்கத்து வீட்டுக்கு வராதா? கண்டிராக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் அப்பளத்தை நொறுக்கினார்கள். டிரம் விஷயத்தில் மாதக்கணக்காக மூடியிருந்த அதே வாய்கள் அன்றைக்கும் மூடியே இருந்தன. பேசாமல் இருப்பதில் எங்கள் ஆட்களுக்கு நல்ல பழக்கம்.

ஆனால் யாரோ ஃபோனில் படம் எடுத்திருக்கிறார்கள். அது எங்கெங்கோ சுற்றியது. பத்து நாளைக்குள் முகமூடி போட்ட அதிகாரிகள் வந்து டேப் கட்டி டிரம்களைத் தூக்கினார்கள். கேஸ் நடக்கிறது என்கிறார்கள். கண்டிராக்டர் வெளியேதான் இருக்கிறார். ஆயர் குரோ போகிற வழியில் பெட்ரோல் ஸ்டேஷனில் ஒருநாள் பார்த்தேன். தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பேனரைத் தலைவர் மரியாதையாக மடித்துக் கோயில் உக்கிராண அறையில் வைத்திருக்கிறார், அம்மன் படமாயிற்றே.

அக்கா அதிகாரிகள் வந்த வாரமும் வேலைக்கு வந்தார். வழக்கம்போல வளையம் அடித்தார். எதிர்வரிசைக் கடைகளைப் பார்த்தபடி இருந்த தன் மேசையிலிருந்து எழாமல், சாப்பாட்டைக்கூட அங்கேயே சாப்பிட்டார். ஒருநாள் பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்ததற்குச் சிரித்தார். மறுநாள் வரவில்லை. லயத்து வீடு பூட்டியிருந்தது. ஃபோன் போகவில்லை. செங்கில் மகள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அவருடைய மேசைக்கு அடியில், அச்சு தப்பான துண்டுப் பேனர் ஒன்று சுருட்டி இருந்தது. பிரித்தேன். எங்கள் கடை. என் வீட்டுக்காரர் மிஷினுக்குள் தலையை விட்டிருக்கிறார். நான் கல்லாவில், எல்லாப் பல்லும் தெரிய யாரையோ பார்த்துச் சிரிக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு வெள்ளைக் கார். பாதி இறக்கிய ஜன்னலில் ஓர் ஆளின் முழங்கை. மணிக்கட்டில் கடிகாரம் இல்லை, கடிகாரம் கட்டியிருந்த வெளுத்த தடம் மட்டும். டயருக்கு அடியில் சிகரெட் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன, அவ்வளவு நேரம் நின்றிருக்கிறது. காரின் மூக்கு அக்கா மேசைப் பக்கம் இல்லை. என் கல்லாவைப் பார்த்து நிற்கிறது.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் கடையின் பின்கதவு வருஷக்கணக்காகத் திறந்ததில்லை, பழைய பேனர் சுருள்கள் பாதி மறைத்துக்கொண்டிருக்கும். படத்தில் சுருள்கள் இல்லை. கதவு விரியத் திறந்து பின்சந்து தெரிந்தது. இருப்பதைத் தவிர வேறெதையும் வரையாத அக்கா, இல்லாத ஒன்றை வரைந்தது அந்த ஒருமுறைதான்.

அன்றைக்கே நான் சுருள்களை எல்லாம் நகர்த்தினேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன். "என்ன, நீயும் பயந்தாங்கொள்ளி ஆயிட்டியா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆமாம் என்றேன்.

இதை அக்காவின் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிர்வரிசையில் ஒரு கார் வந்து நின்றிருக்கிறது. வெள்ளை. பின் டயர் மட்டும் புதுசு. கண்ணாடியில் தொங்குகிற மல்லிகைச் சரம் வாடியிருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளின் பிறந்தநாளுக்குப் பேனர் சொல்ல வந்தவராகவும் இருக்கலாம்.

இன்னும் இறங்கவில்லை.